கடைக்கோடித் தீவில் ஒரு புடவைத் திரை

இந்திய நாட்டின் தெற்கெல்லை குமரிமுனை என்றே நம்மில் பலர் பள்ளியில் பாடம் செய்திருக்கிறோம். தலைநிலத்தைப் பொறுத்தவரையில் அது சரியே. ஆனால் நாட்டின் மெய்யான தென்முனை குமரிக்கும் தெற்கே, கடலுக்கு அப்பால், கிரேட் நிக்கோபார் தீவில் உள்ள இந்திரா முனையாகும். அங்கிருந்து சுமத்ரா அருகில். சென்னை வெகு தொலைவில். ஏறத்தாழ 900 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அத்தீவில், 2011-ஆம் ஆண்டுக் கணக்கின்படி எண்ணாயிரம் பேர் அளவில்தான் குடியிருந்தனர். எஞ்சியவை காடும் மலையும் ஓடைகளுமே. இன்று பெருந்துறைமுகத் திட்டத்தின் பொருட்டு அத்தீவின் பெயர் நாளிதழ்களில் அடிபடுகிறது. அது வேறு பேச்சு. நாங்கள் அங்கே சென்றது எங்கள் தங்கையைப் பார்ப்பதற்காக.

நாங்கள் என்றால் கணவனும் மனைவியும். எழுதுவது ஒருவர் கை, சொல்வது இருவர் வாய். கொல்கத்தாவில் லேக் மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் நெடுநாளாகக் குடித்தனம் நடத்துகிறோம். தங்கையைக் கேம்பல் பேயில் ஒரு முன்னாள் படைவீரரின் குடும்பத்தில் கொடுத்திருக்கிறது. 2020-ஆம் ஆண்டின் கொள்ளைநோய்க் காலம் முழுவதும் அவளுடைய குரலைத் தொலைபேசியில் மட்டுமே கேட்டிருந்தோம். அந்தக் குரலில் எதையோ நாங்கள் கேட்கத் தவறினோம் என்ற உறுத்தல் மூன்று ஆண்டுகளாக நெஞ்சில் இருந்தது. ஆகவே 2023 ஜனவரியில் புறப்பட்டோம்.

கொல்கத்தாவிலிருந்து போர்ட் பிளேருக்கு விமானத்தில் இரண்டு மணி நேரம் போதும். (2024 செப்டம்பரில் அந்நகருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினர், நாங்கள் சென்றபோது பழைய பெயரே வழங்கிற்று.) அங்கிருந்துதான் மெய்யான பிரயாணம் தொடங்குகிறது. தெற்கே ஐந்நூறு கிலோமீட்டருக்கும் அதிகமான கடல்வழி. கப்பலுக்குச் சீட்டுக் கிடைப்பதே ஒரு தவம். தீவினருக்கு முதலிடம் என்பதால் வெளியூரார் காத்திருக்க வேண்டும். அது நியாயமும்கூட. நாங்கள் நான்கு நாள் காத்திருந்தோம்.

முதல் இரவில் லிட்டில் அந்தமானைக் கடந்ததும் பத்துப் பாகைக் கால்வாய் வந்தது. அந்தமான் தீவுகளையும் நிக்கோபார் தீவுகளையும் பிரிக்கும் அகன்ற நீர்ப்பரப்பு அது. அமைதியான மாதம் என்று சொல்லப்பட்ட ஜனவரியிலேயே கப்பல் தொட்டில்போல் ஆடியது. எங்களில் ஒருவர் இரவு முழுவதும் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே கழித்தார். மற்றவர் அவரைப் பார்த்துச் சிரித்து, விடியுமுன் அதே நிலைக்கு வந்து சேர்ந்தார். கார் நிக்கோபாரிலும் கமோர்ட்டாவிலும் சிலர் இறங்கினர், சிலர் ஏறினர். தலைநிலத்திலிருந்து வந்த வெங்காய மூட்டைகளும் உருளைக்கிழங்கு மூட்டைகளும் கப்பல் அடித்தளத்தில் எங்களோடு பிரயாணம் செய்தன. மூன்றாம் நாள் காலை கேம்பல் பே துறையில் இறங்கியபோது, கப்பலைப் பார்க்க ஊரில் பாதி வந்து நிற்பதைக் கண்டோம். உறவினரை எதிர்பார்ப்பவர் சிலர்; வெங்காயத்தை எதிர்பார்ப்பவர் பலர்.

இந்த ஊர் உண்டான வரலாறு சுவையானது. 1969 முதல் 1980 வரை, ஓய்வுபெற்ற படைவீரர் குடும்பங்கள் 330-ஐ அரசாங்கம் இங்கே கொண்டுவந்து காடு திருத்திக் குடியமர்த்திற்று. பஞ்சாபியர், மராத்தியர், மலையாளிகள், தெலுங்கர், தமிழர் எனப் பல மொழியினர் வந்தனர். கோவிந்த் நகர், ஜோகிந்தர் நகர், விஜய் நகர், லட்சுமி நகர், காந்தி நகர், சாஸ்திரி நகர் என்று கிழக்குக் கரையோரம் ஊர்கள் எழுந்தன. தென்னையும் பாக்கும் வைத்தார்கள். 2004 டிசம்பர் 26-இல் சுனாமி வந்து அவற்றுள் தென்பகுதி ஊர்களை அழித்தது. தீவின் தென்முனை நிலமே நான்கு மீட்டருக்கு மேல் தாழ்ந்துபோயிற்று. முன்னர் கரையில் நின்ற இந்திரா முனைக் கலங்கரை விளக்கம் கடல்நீரில் நிற்கலாயிற்று.

தங்கையின் மாமனார் இராமநாதபுரச் சீமையிலிருந்து வந்தவர். சாஸ்திரி நகரில் அவர் வைத்த தென்னந்தோப்பு இன்று கடலுக்குள் இருக்கிறது. தோப்புப் போன மூன்றாம் ஆண்டு அவரும் போய்விட்டார். மாமியார் இருக்கிறார். எழுபது வயதைக் கடந்த மூதாட்டி; ஐந்து மொழிகளில் வைவார், தமிழில் மட்டுமே கொஞ்சுவார். சுனாமிக்குப் பின் அரசு கட்டிக்கொடுத்த சிறிய வீட்டில் குடும்பம் வசிக்கிறது. இரண்டு அறை, ஒரு கூடம், பின்புறம் ஒரு தாழ்வாரம்.

அந்த வீட்டில் 2020 மார்ச்சு 25-ஆம் நாள் ஊரடங்கு தொடங்கியபோது எத்தனை பேர் இருந்தனர் தெரியுமா? தங்கை, அவள் கணவர், பத்தாம் வகுப்புக்குச் செல்லவிருந்த மகள், ஏழு வயது மகன், மாமியார், இவர்கள் வீட்டார். பாக்கு வியாபாரம் பேச வந்து, திரும்பிச் செல்லக் கப்பலின்றி அகப்பட்டுக்கொண்ட கணவரின் தம்பியும் அவர் மனைவியும் சேர்ந்து ஏழு பேர். பத்து நாள் விருந்து ஐந்து மாதமாக நீண்டது.

உணவுக்குப் பஞ்சமில்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். அரிசி கிடைத்தது. மீனும் தேங்காயும் வாழையும் தீவின் சொத்து. வெங்காயமும் உருளைக்கிழங்கும் கப்பலைப் பார்த்துக் கிடந்தன; அவையின்றியும் சமைக்கலாம். ஆனால் மே மாதம் தென்மேற்குப் பருவமழை தொடங்கியது. தாழ்வாரத்தில் அடுக்கியிருந்த பாக்கு மூட்டைகள் ஈரத்தில் பூஞ்சை பிடித்தன. வாங்குவோர் கடலுக்கு அப்பால் இருந்தனர். மகளுக்கு வகுப்புகள் கைப்பேசியில் என்றார்கள். அந்தக் கைப்பேசியிலோ ஒரு பக்கம் திறப்பதற்குள் அடுப்பில் உலை கொதித்துவிடும். சென்னையிலிருந்து கடலடியில் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளக் கம்பிவடம் இழுத்து இத்தீவுகளுக்குத் தந்த இணைப்பு அவ்வாண்டு ஆகஸ்டு 10-ஆம் நாள்தான் தொடங்கிவைக்கப்பட்டது. அதற்கு முன் செயற்கைக்கோளே கதி. ஆசிரியை ஒருவர் வினாக்களைக் கையால் எழுதி, வீடு வீடாகக் கொடுத்தனுப்பினாராம். அப்படியெல்லாம் படித்த பெண்ணுக்கு, 2021 ஏப்ரலில் பத்தாம் வகுப்புத் தேர்வே நடவாதென்று மத்தியக் கல்வி வாரியம் அறிவித்தது. அன்று அவள் மகிழவில்லை. நாள் முழுவதும் அழுதாள் என்று பாட்டி சொன்னார்.

இவையெல்லாம் கண்ணுக்குத் தெரிந்த கஷ்டங்கள். தெரியாதது வேறொன்று. ஏழு பேர் ஒரு கூரையின்கீழ், மழைச் சத்தத்தில், ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டுக்கொண்டு, பகலும் இரவும் இருந்தனர். தங்கையின் கணவர் காரணமின்றிச் சீறுவார். தட்டு சற்று ஓசையோடு வைக்கப்பட்டால் சண்டை. ஓரகத்திக்குத் தாய்வீட்டு நினைவு; அவளுடைய அழுகை மற்றவர்களுக்கு எரிச்சல். சிறுவன் திக்கிப் பேசத் தொடங்கினான். எல்லாருக்கும் மூன்று வேளை சமைத்து, எல்லார் கோபத்தையும் வாங்கிக்கொண்டு, நடுவில் நின்றவள் எங்கள் தங்கை.

மே மாதம் 21-ஆம் நாளோ 22-ஆம் நாளோ அவள் எங்களை அழைத்தாள். மே 20-இல் அம்பன் புயல் கொல்கத்தாவைப் புரட்டிப் போட்டிருந்தது. எங்கள் தெருவில் மரங்கள் சாய்ந்து கிடந்தன. மின்சாரமும் இல்லை, தண்ணீரும் இல்லை. கைப்பேசியில் எஞ்சியிருந்த உயிரை நாங்கள் சிக்கனமாகச் செலவழித்துக்கொண்டிருந்த நேரம். “அக்கா, என்னால் முடியவில்லை” என்றாள். நாங்கள் என்ன சொன்னோம்? “உனக்காவது சோறும் விளக்கும் இருக்கிறது, கொஞ்சம் பொறுத்துக்கொள்” என்று சொல்லி வைத்துவிட்டோம். சொன்னது இன்னார் என்று இங்கே பிரித்து எழுதப்போவதில்லை. இருவருடைய கருத்தும் அதுவாகவே இருந்தது.

அன்று மாலை அவள் வீட்டில் இல்லை. இதை நாங்கள் மூன்று ஆண்டு கழித்து, அவளுடைய தாழ்வாரத்தில் உட்கார்ந்து, அவள் வாயாலேயே கேட்டோம்.

“கடலுக்குப் போகவில்லை, அக்கா. எல்லாரும் அப்படித்தான் நினைத்துவிட்டார்கள். யாரும் என்னைக் கூப்பிடாத ஓர் இடத்தில் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும்போல் இருந்தது. துறைக்குப் பக்கத்தில் மழையில் நின்றேன். அவ்வளவுதான்.”

தேடிக்கொண்டு வந்தவர் மாமியார். குடையைப் பிடித்துக்கொண்டு அவரும் பக்கத்தில் நின்றாராம். ஒன்றும் கேட்கவில்லையாம். இருட்டிய பிறகு இருவரும் வீடு திரும்பினார்கள். மறுநாட்காலை மூதாட்டி தம்முடைய பழைய கண்டாங்கிச் சேலை ஒன்றை எடுத்து, தாழ்வாரத்தின் மூலையில் பாக்கு மூட்டைகளுக்கும் சுவருக்கும் இடையே குறுக்கே கட்டினார். உள்ளே ஒரு முக்காலி. அதன்மேல் உட்கார்ந்தால் தலைக்கு மேல் கூரை, எதிரே மழையும் மரங்களும்.

“இதற்குள் போனவரை யாரும் கூப்பிடக் கூடாது. வீடு பற்றி எரிந்தாலும் நான்தான் கூப்பிடுவேன். ஆளுக்கு ஒரு மணி நேரம். முதலில் மூத்த மருமகள்” என்று சட்டம் போட்டாராம்.

எங்களுக்கு இது வியப்பாக இருந்தது. மாமியாரென்றால் மருமகளைச் சற்று நேரம் உட்கார விடாதவர் என்பதுதானே நம் கதைகளின் மரபு! அவரையே கேட்டோம்.

“தம்பி, கடல் வந்துபோன பிறகு எங்களைத் தகரக் கொட்டகையில் வைத்திருந்தார்கள். சர்க்கார் சோறு போட்டது. குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு பெண்பிள்ளை தனியாக உட்கார்ந்து அழுவதற்கு இடமில்லை. பக்கத்துத் தடுப்பில் இருமினால் இங்கே கேட்கும். பசியால் வந்த சண்டையை அங்கே நான் பார்க்கவில்லை. மூச்சு முட்டி வந்த சண்டைதான் பார்த்தேன். அண்ணன் தம்பி வெட்டிக்கொள்ளப் போனார்கள், ஒரு வாளிக்காக. இவள் மழையில் நின்ற அன்று எனக்கு அந்தக் கொட்டகை ஞாபகம் வந்துவிட்டது” என்றார்.

முதலில் ஆண்கள் சிரித்தார்களாம். ஒரு வாரத்துக்குள் கணவரின் தம்பி, தம்முடைய ஒரு மணி நேரத்தை ஒன்றரை மணியாக்கித் தரவேண்டும் என்று மனுப் போட்டார். சிறுவன் உள்ளே போய் மரத்துண்டுகளை வைத்துக் கப்பல் விட்டான். மகள் அங்கேதான் பாடம் எழுதினாள். ஓரகத்தி அழுதாள், திரைக்குள் அழுததால் யாருக்கும் எரிச்சல் வரவில்லை.

பதினைந்து நாள் வரையில் உள்ளே போகாதவர் தங்கையின் கணவர் ஒருவரே. அவர் எங்களிடம் இதைச் சொல்லும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார். பதினாறாம் நாள் பிற்பகல், கடைக் கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு திரைக்குள் போனார். வெளியே வரும்போது நோட்டை மனைவியின் கையில் கொடுத்தார். மளிகைக் கடையில் மட்டும் 30,000 ரூபாய்க்கு மேல் பாக்கி. பாக்கை முன்பே விற்றுவிட்டதாக வீட்டில் சொல்லியிருந்தார்; உண்மையில் முன்பணமும் வரவில்லை. அத்தனை நாள் சீற்றத்துக்கும் வேர் அந்த நோட்டில் இருந்தது. தங்கை படித்துப் பார்த்துவிட்டு, “இவ்வளவுதானா?” என்றாளாம். தன் வளையல் ஒன்றை எடுத்து வைத்தாள். அதை விற்க நேரவில்லை. அந்த வளையல் கைக்குத் திரும்பியிருந்ததை நாங்களே பார்த்தோம்.

பணக் கஷ்டத்தை மறைப்பது ஆண்மை என்று நம் வீடுகளில் ஓர் எண்ணம் உண்டு. புலம்பெயர்ந்து வாழும் வீடுகளில் அது இன்னும் அதிகம். ஊருக்குத் தெரியக் கூடாது என்று தொடங்கி மனைவிக்கும் தெரியக் கூடாது என்பதில் முடிகிறது. கொள்ளைநோய் வந்த முதல் ஆண்டில் மனக்கலக்கமும் மனச்சோர்வும் உலகெங்கும் 25 விழுக்காடு பெருகியதாக உலகச் சுகாதார நிறுவனம் 2022 மார்ச்சில் அறிவித்தது. அந்தக் கணக்குக்குள் இப்படி எத்தனை நோட்டுப் புத்தகங்கள் மறைந்திருக்குமோ!

இத்தோடு நிறுத்தினால் கட்டுரை இனிமையாக முடியும். ஆனால் அடுத்த வீட்டைப் பற்றியும் தங்கை சொன்னாள்.

அடுத்த வீட்டுக்காரர் கூலி வேலை செய்தவர். வேலை நின்றது. மதுக்கடை மூடியிருந்தது என்று பெயர், காய்ச்சுபவர் காய்ச்சினர். இரவில் அடி விழும் ஓசை சுவரைக் கடந்து கேட்கும். தாழ்வாரத்துத் திரையைப் பார்த்துவிட்டு அந்தப் பெண்ணும் தன் வீட்டில் ஒன்று கட்டினாளாம். இரண்டாம் நாளே அவன் அதைக் கிழித்தெறிந்தான். மனம் நைந்தவனுக்குத் திரை உதவும். அடிக்கிறவன் கையை அது தடுக்குமா? இரண்டும் ஒரே நோயென்று நாங்களும் அதுவரை எண்ணியிருந்தோம். “ஊரடங்கில் எல்லா வீட்டிலும் சண்டைதான்” என்று எத்தனை முறை சொல்லியிருப்போம்!

வீட்டில் அகப்பட்ட பெண்கள் கணவன் எதிரே வாய் திறந்து பேச முடியாது என்பதை உணர்ந்து, தேசிய மகளிர் ஆணையம் 2020 ஏப்ரல் 10-ஆம் நாள் வாட்ஸப் மூலம் எழுத்தில் முறையிட ஓர் எண்ணை வெளியிட்டது. நல்ல ஏற்பாடு. ஆனால் அந்தப் பெண்ணிடம் கைப்பேசி இல்லை, இருந்ததும் கணவனுடையது. கேம்பல் பேயில் காவல் நிலையம் உண்டு. அதிலுள்ளவர்கள் அனைவரும் தெரிந்தவர்கள். அவள் நிலையத்துக்கு நடந்து போய்ச் சேருமுன் அவள் போகிற செய்தி ஊரைச் சுற்றி வந்துவிடும். அத்தனை சிறிய ஊரில் மானம் என்பது பெரிய சிறைச்சாலை.

ஒரு நாள் அவள் தலையில் காயத்தோடு இரண்டு குழந்தைகளையும் இழுத்துக்கொண்டு தங்கையின் வீட்டுச் சமையலறைக்கு வந்தாள். ஏழு பேர் இருந்த வீடு பத்துப் பேர் ஆயிற்று. பதினொரு நாள் வைத்திருந்தார்கள். மூதாட்டியும் எதிர்வீட்டுப் பஞ்சாபிப் பாட்டியும் வாசலில் நாற்காலி போட்டு முறைவைத்து உட்கார்ந்தார்கள். அவன் வந்தபோது பஞ்சாபிப் பாட்டி எழுந்து நின்றாராம், அவ்வளவுதான், திரும்பிப் போய்விட்டான். பின்னர் இரு பாட்டிகளும் அவளை நடுவில் வைத்து நிலையத்துக்கு அழைத்துச் சென்று புகார் எழுதி வாங்கினர். செய்தி ஊரைச் சுற்றி வரத்தான் செய்தது. ஆனால் மூன்று பேரைப் பற்றிய செய்தியாக வந்தது. அதில் கூச்சம் மூன்றிலொன்றாகக் குறைந்துபோயிற்று. கப்பல் ஓடத் தொடங்கியதும் அவள் குழந்தைகளோடு தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். நாங்கள் பார்த்தபோது அந்த வீடு பூட்டிக் கிடந்தது. வாசலில் முருங்கை மட்டும் தன்பாட்டில் காய்த்துக் கிடந்தது. பறித்துக்கொள்ள யாருக்கும் மனம் வரவில்லையாம்.

இதைப் படிக்கும் அன்பர்களுள் யாருக்கேனும் பயன்படலாம் என்பதால் குறிப்பிடுகிறோம்: குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைக் காக்கும் சட்டம் 2005-ஆம் ஆண்டே இயற்றப்பட்டது. பெண்களுக்கான உதவி எண் 181; அவசரத்துக்கு 112. மனம் சோர்ந்தவர்கள் பேசுவதற்கு 14416 என்ற அரசு எண் 2022 அக்டோபர் முதல் இருக்கிறது, தமிழிலும் பேசலாம். இன்று அந்தத் தீவிலும் கம்பிவடம் வந்து பேச்சுத் தெளிவாகக் கேட்கிறது. கேட்பவர் காது எப்படி என்பதுதான் வேறு சங்கதி. எங்கள் காதைப் பற்றி மேலே எழுதிவிட்டோம்.

அன்றைய தொலைபேசிப் பேச்சுக்காகத் தங்கையிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் அத்தனை கடலையும் கடந்து சென்றோம். எட்டு நாள் இருந்தோம். கேட்க வாயெடுத்த போதெல்லாம் அவள் மீன் குழம்பைப் பற்றிப் பேசினாள். ஆறாம் நாள் ஒருவாறு சொல்லி முடித்தோம். அவள் சற்று நேரம் பேசாமலிருந்தாள். “அத்தான், அன்றைக்கு எனக்குக் கோபந்தான். பொறுத்துக்கொள் என்று இனிமேல் யாருக்கும் சொல்லாதீர்கள். என்ன நடந்தது என்று கேளுங்கள், போதும்” என்றாள்.

தாழ்வாரத்துப் புடவை அப்போதும் கட்டியபடியே இருந்தது. சாயம் வெளுத்து, ஓரம் கிழிந்து, ஒரு பக்கம் வேறு துணி வைத்துத் தைத்திருந்தார்கள். கொள்ளைநோய் போயும் அதை அவிழ்க்க ஒருவரும் உடன்படவில்லையாம். எங்களுக்கும் ஆளுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினார்கள். எங்களில் ஒருவர் உள்ளே போய்த் தூங்கிவிட்டதால் மற்றவரின் முறை பறிபோயிற்று.

புறப்படும் நாள் காலையில் துறையில் கப்பல் சங்கு ஊதியது. மூட்டைகளை வண்டியில் ஏற்றினார்கள். தங்கையைக் காணோம். தேடிப் பின்பக்கம் போனோம். திரைக்குக் கீழே அவள் பாதங்கள் தெரிந்தன. கூப்பிட வாயெடுத்தோம். மூதாட்டி உதட்டில் விரல் வைத்துத் தலையசைத்தார். நாங்கள் ஓசைப்படாமல் வந்து வண்டியில் ஏறிக்கொண்டோம்.